நாலு வார் பெல்ட்டும் ஒரு கறுப்பு வெள்ளை ரோலும்

போன மாதம் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். அண்ணன் நெய்வேலிச் சுரங்கத்தில் ஓய்வு பெற்றவர். இப்போது அவர் மகனுக்கு அங்கே வேலை, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அந்தக் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு ஒரு கூரியர் வந்தது. பெங்களூரில் அவளோடு வேலை பார்க்கும் பெண்கள் சேர்ந்து அனுப்பிய பரிசு. ரோஜா நிற அட்டைப்பெட்டி, அதைச் சுற்றி சாட்டின் ரிப்பன். அண்ணி, அண்ணியின் தங்கைகள், முறுக்குச் சுட வந்த இரண்டு பெண்கள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, கல்யாணப் பெண் விவரம் தெரியாமல் பெட்டியைத் திறந்து உள்ளே இருந்ததை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். கறுப்பு லேஸில் இடுப்பைச் சுற்றும் ஒரு பட்டை. அதிலிருந்து நாலு வார்கள் தொங்கின. ஒவ்வொரு வார் நுனியிலும் ஒரு கிளிப்.

அண்ணி அதைக் கைக்குழந்தையைத் தூக்கும் பெல்ட் என்று நினைத்துக்கொண்டு, இப்பவே எதுக்கு இதெல்லாம் என்று வெட்கப்பட்டாள். முறுக்குச் சுட வந்தவர்களில் ஒருத்தி, "இடுப்பு வலிக்குப் போடறதுங்க இது. எங்க மாமியா ஒண்ணு வச்சிகினு இருக்காங்க" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. நீளமான காலுறை கீழே இறங்காமல் பிடித்துக்கொள்வதற்கான சமாச்சாரம் அது, குட்டையான வார் இரண்டும் முன்பக்கம் வரவேண்டும், நீட்டு வார் இரண்டும் பின்பக்கம் என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் பேரேடு புரட்டி ஓய்வு பெற்றவள், அறுபது வயது, நெற்றி நிறைய விபூதி. இவளுக்கு எப்படித் தெரியும் என்று ஒவ்வொருத்தியும் யோசித்தது முகத்தில் தெரிந்தது. ஆனால் ஒருத்தியும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

அந்தப் பெட்டியைத் திறந்தபோது ஒரு வாசனை வந்தது. புது ரப்பரும் பவுடரும் கலந்த வாசனை. இருபத்தொரு வயதில் நான் வேலை பார்த்த ஃபேன்சி ஸ்டோரின் வாசனை அது.

கடை நெய்வேலி டவுன்ஷிப் பஜாரில் இருந்தது. வளையல், பொட்டு, பவுடர், ரிப்பன் எல்லாம் முன்பக்கம். பாடி, உள்பாவாடை வகையறா பின்பக்கம். பின்பக்கத்துக்கு ஒரு பெண் வேண்டும் என்பதால்தான் என்னை வைத்துக்கொண்டார்கள். நான் அப்போது பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு, டைப்ரைட்டிங் ஹையருக்குப் போய்க்கொண்டு, அரசாங்க வேலை என்னைத் தேடி வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதுவரைக்கும் உலகத்தில் எல்லார் மேலும் எனக்கு இளக்காரம்தான். இப்போதும் பெரிதாகக் குறைந்துவிடவில்லை, வெளியே காட்டிக்கொள்வதுதான் குறைந்திருக்கிறது.

கடை முதலாளி ஒரு வழுவழுப்பான மனிதர். பேசும்போது தன் மோதிரத்தையே பார்த்துக்கொண்டு பேசுவார். மெட்ராசுக்குச் சரக்கு எடுக்கப் போனவர் ஒரு தடவை துறைமுகத்துப் பக்கம் யாரிடமோ ஏமாந்து, ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறைய இந்த பெல்ட்டுகளையும் நைலான் காலுறைகளையும் வாங்கி வந்தார். ஏமாந்தோம் என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஃபாரின் போய் வந்த ஆபீசர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இதன் அருமை தெரியும் என்றார். ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒரு வெள்ளைக்காரியின் படம். வாயைப் பாதி திறந்துகொண்டு, அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோனவள் மாதிரி நின்றாள். கடையில் இதற்கு நாலு வார் பெல்ட் என்று பெயராகிவிட்டது.

அந்தப் பொருள்மேல் எனக்கு அன்றும் மரியாதை கிடையாது, இன்றும் கிடையாது. யோசித்துப் பாருங்கள். குளிர் தேசத்தில் பெண்கள் தொடைவரைக்கும் காலுறை போட்டார்கள். அது நழுவியது. நழுவாமலிருக்க இடுப்பில் ஒரு பட்டை, பட்டையிலிருந்து வார், வாரில் கிளிப். கிணற்று வாளிக்குக் கயிறு கட்டுகிற மாதிரி ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான். பிற்பாடு இடுப்புவரைக்கும் ஒரே துண்டாகக் காலுறை வந்ததும் அந்த ஊர்ப் பெண்கள் வார்களைக் கழற்றி வீசிவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்கள். வீசியதை ஆண்கள் பொறுக்கி வைத்துக்கொண்டார்கள். அவளுக்கு உபயோகம் தீர்ந்துபோன பிறகு இவனுக்கு அது ஆசையாகிவிட்டது. நாளைக்கே எவனாவது அம்மிக் குழவிக்கு லேஸ் கட்டி விளம்பரம் போட்டால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அதிலும் நெய்வேலியில். மே மாதம் தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும் ஊர். கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வந்து உட்காரும் ஊர். உடம்பு பூரா வேர்க்குரு. இதில் நைலான் காலுறையாம், அதைப் பிடிக்க ரப்பர் வாராம்.

டவுன்ஷிப் பெண்கள் புத்திசாலிகள். யாரோ ஒரு டீச்சரம்மா ஒன்றை வாங்கிக்கொண்டு போய், நாலு வாரையும் வெட்டி எடுத்து, மெத்தையின் நாலு மூலையிலும் விரிப்பு நகராமல் கிளிப் போட்டு வைத்துவிட்டார். அடுத்த வாரம் மெத்தை கிளிப் இருக்கிறதா என்று கேட்டு ஐந்து பேர் வந்தார்கள். முதலாளிக்கு அவமானமாகப் போய்விட்டது. பொருளை அதற்கென்று இருக்கிற காரியத்துக்குத்தான் விற்கவேண்டும் என்று சொல்லி, அன்றிலிருந்து ஆண்கள் வந்தால் மட்டும் கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்துத் தருவார். எடுத்து அவரே காட்டமாட்டார். "பிரிச்சுக் காட்டும்மா" என்று என்னைக் கூப்பிடுவார். நான் பிரித்துக் காட்டும்போது அவர்கள் பெல்ட்டைப் பார்க்க மாட்டார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் எதிர்ச்சுவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டு, வெண்டைக்காய் விற்கிற குரலில் குட்டை வார் முன்னால், நீட்டு வார் பின்னால் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூன்று என்ஜினியர்கள் சேர்ந்து வந்தார்கள். மூவரும் ஒன்றாக வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர்கள். வந்த பிறகும் மூவரும் ஒட்டிக்கொண்டே திரிந்தார்கள். அங்கே குடித்ததையும் பார்த்ததையும் கிளப்பில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி, கேட்கிறவர்கள் எழுந்து போகும்வரை சொல்வார்கள் என்று பேச்சு. அதில் ஒருவர் பெயர் மோகனரங்கம். முப்பது வயது, அடர்த்தியான மீசை, தோளில் வெளிநாட்டு கேமரா. வழக்கம்போல நான் பிரித்துக் காட்டினேன். மோகனரங்கம் மற்ற இரண்டு பேரிடமும் இங்கிலீஷில், தன் மனைவிக்கு இதை மாட்டினால் எருமைக்கு டை கட்டின மாதிரி இருக்கும், ஆனாலும் பார்த்துவிடலாம் என்றார். மூவரும் சிரித்தார்கள். கடைப் பெண்ணுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. மற்ற இருவரும் கையை விரித்துவிட்டார்கள். மோகனரங்கம் மட்டும் ஒரு பெல்ட்டும் இரண்டு ஜோடி காலுறையும் வாங்கினார்.

மறுநாள் மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அவர் மனைவி வந்தாள். பெயர் வத்சலா. என்னைவிட மூன்று வயது மூத்தவள், தெற்கே தென்காசிப் பக்கம் ஊர். கல்யாணமாகி இரண்டு வருடம். முந்தானைக்குள் பெட்டியை ஒளித்துக்கொண்டு வந்திருந்தாள். இதை எப்படிப் போடுவது என்று காட்ட முடியுமா என்று வாங்க போங்க மரியாதையோடு கேட்டாள். ஆபீசர் வீட்டு அம்மாக்கள் எங்களிடம் அப்படிப் பேசுவது வழக்கமில்லை.

சரக்கு அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். புடவை மேலேயே பட்டையைச் சுற்றினேன். அவள் பவுடர் டப்பாக் கட்டுகள் மேல் உட்கார்ந்து காலை நீட்ட, நான் காலுறையை மாட்டினேன். காலில் தேங்காயெண்ணெய். எண்ணெயில் நைலான் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு ஏறமாட்டேன் என்றது. இழுத்தேன். மெட்டியில் மாட்டிக்கொண்டு சர்ரென்று முழங்கால்வரைக்கும் கிழிந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மின்விசிறி இல்லாத அந்த அறையில் வேர்த்து ஒழுக ஒழுகச் சிரித்தோம்.

மெட்டியைக் கழற்றச் சொல்லி அவர் கேட்டாராம். இவள் மாட்டேன் என்றிருக்கிறாள். மெட்டி மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டால் நைலான் கிழியாது என்று நான் யோசனை சொன்னேன். எதற்கு இந்தத் தொல்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நான் முதலாளியிடம் பேசிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். அவள் பெட்டியை மறுபடி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்ங்க. அவரு எங்கிட்ட ஆசையா இதுவரைக்கும் எதுவும் கேட்டதே இல்ல" என்றாள்.

முந்தின நாள் நான் காதால் கேட்டது தொண்டைவரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அவள் மேலும் எனக்கு அப்போது கொஞ்சம் இளக்காரம் வந்தது என்பதை மறைப்பானேன்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அவள் திரும்ப வந்தபோது, பாத்திரம் தேய்த்த சாம்பல் கையிலேயே இருந்தது. கழுவக்கூட நிற்கவில்லை போலிருக்கிறது. சரக்கு அறைக்குள் போனதும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கதவைத் தாழ்போட்டுவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் அவளைப் படம் எடுத்திருக்கிறார். அவள் ரவிக்கையையும் உள்பாவாடையையும் கழற்ற ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் பாவாடை மேலேயே பட்டை, முழங்காலுக்குச் சற்று மேலே தூக்கிச் செருகின பாவாடைக்குக் கீழே காலுறை, அதற்குள் பிளாஸ்திரி ஒட்டின மெட்டி. அவர் தரையில் மண்டியிட்டு, இப்படித் திரும்பு, அப்படி நில் என்று ஏழெட்டுப் படம் எடுத்தார். எப்படி நிற்பது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பொறுமை போய், பெல்ட்டை வாங்கித் தன் லுங்கி மேல் கட்டிக்கொண்டு, ஒரு காலை முன்னால் வைத்து, இடுப்பில் கை வைத்து நின்று காட்டினார். அவள் சிரித்துக்கொண்டே கேமராவைத் தூக்கி ஒரு தடவை அழுத்தினாள். உனக்கெல்லாம் எடுக்க வராது, ஃபிலிமை வீணாக்காதே என்று சொல்லி வாங்கிக்கொண்டார். அவர் வழக்கமாக அவளைக் கூப்பிடுவது பட்டிக்காடு என்று. அன்றைக்கு மத்தியானம் முழுக்க ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடவில்லை என்று அவள் என்னிடம் சொன்னாள். இதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

திங்கட்கிழமை ஆபீஸ் போகிற வழியில் அவர் ரோலை ஸ்டுடியோவில் கொடுத்துவிட்டார். அது அவளுக்குச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் தெரிந்தது. கலர் ரோல் என்றால் பாண்டிச்சேரிக்குப் போகும். அங்கே யார் எவர் என்று யாருக்கும் தெரியாது. இது கறுப்பு வெள்ளை. கறுப்பு வெள்ளையில்தான் கலை இருக்கிறது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். கறுப்பு வெள்ளையை இங்கேயே, எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளியிருந்த ஸ்டுடியோவில்தான் கழுவுவார்கள். ஸ்டுடியோக்காரர் பார்த்துவிடுவாரே என்று இவள் பதறினதற்கு மோகனரங்கம் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே, அவன் ஆயிரம் படம் கழுவுகிறவன், அவன் என்ன பார்க்கப்போகிறான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இத்தனை டன் மண்ணை இத்தனை வேகத்தில் எத்தனை தூரம் கொண்டுபோகலாம் என்று கன்வேயர் பெல்ட்டுக்குக் கணக்குப் போடுகிற மனுஷன். நாலு வார் பெல்ட்டுக்கு ஒரு கணக்கும் போடவில்லை. ஒரு டவுன்ஷிப்பில் ஒரு ஆளுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் அடுத்த ஷிப்ட் மாறுவதற்குள் எத்தனை பிளாக்குக்குப் போகும் என்று பால் ஊற்றுகிறவரைக் கேட்டாலே சொல்வார். ஆனால் அவருக்கு ஸ்டுடியோக்காரர் ஒரு ஆளே இல்லை, நான் ஒரு ஆளாக இல்லாதது போல.

அவளால் ஸ்டுடியோ பக்கம் போக முடியாது. எப்படிப் போவாள்? நான் போனேன்.

ஸ்டுடியோக்காரர் பெயர் தணிகாசலம். மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். வெற்றிலை போட்டுப் போட்டு உதடு கறுத்திருக்கும். கேமராவில் பார்த்துப் பார்த்து ஒரு கண் பாதி மூடியபடியே நின்றுவிட்டது. யாரைப் பார்த்தாலும் கண்ணடிக்கிற மாதிரி இருக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே பஜாரில் வேலை பார்த்த பெண்கள் நாங்கள் எல்லாரும் அவரைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் பேசிக்கொள்வோம். நான்தான் அதிகம் பேசியவள். அவர் தரமாட்டார், இளிப்பார், பேரம் பேசுவார் என்றுதான் எண்ணிக்கொண்டு போனேன். இளித்தால் என்ன சொல்வது என்று நாலு கடை தூரத்துக்குள் மூன்று வசவுகளைத் தயார் செய்துவிட்டேன்.

அவர் பென்சிலைச் சீவிக்கொண்டு எதையோ சரிசெய்துகொண்டிருந்தார். என்ஜினியர் வீட்டு ரோல் ஒன்று வந்ததே என்றேன். தலையைத் தூக்காமலே, யார் கேட்கச் சொன்னார்கள் என்றார். அந்தம்மா என்றேன். ரசீது கேட்கவில்லை. எழுந்து போய் மேசை டிராயரைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்துவந்தார். கவரின் வாயை ஒட்டியிருந்தார்.

"நேத்தே கழுவிட்டேன். காயப்போட்டு எடுத்துப் பாத்ததும் உள்ள வச்சிட்டேன். ஒவ்வொண்ணுலயும் மூணு மூணு பிரிண்டு போடச் சொல்லிட்டுப் போயிருக்காரு. எனக்குக் கை வரலம்மா" என்றார்.

அவர் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"ரோலுல வெளிச்சம் பட்டுடுச்சு, பூரா கறுத்துப்போச்சுன்னு சொல்லிக்கிறேன். வேல தெரியாதவன்னு திட்டுவாரு. திட்டட்டும்."

தயார் செய்து வைத்திருந்த மூன்று வசவுகளையும் என்ன செய்வதென்று தெரியாமல் கவரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்று பிரிண்ட் விஷயத்தை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று நாலு கடை தூரத்துக்கும் யோசித்தேன். சொல்லிவிட்டேன். அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. வெளிநாட்டுக்குப் போய் வந்தவர்கள் மூன்று பேர். அவருக்கு ஒன்று, அந்த இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒன்று. அவள் பவுடர் டப்பாக் கட்டுகள் மேல் உட்கார்ந்தாள். கையிலிருந்த சாம்பல் கவரில் ஒட்டியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை அவள் மனசுக்குள் ஒவ்வொரு படமாகத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது.

பிறகு கவரைக் கிழித்து, ஃபிலிமை எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். நெகட்டிவ் இல்லையா, எல்லாம் தலைகீழ். கறுப்புக் காலுறை வெள்ளை வெளேர் என்றிருந்தது. அவள் முகம் கறுப்பு, சிரித்த பல்லும் கறுப்பு. ஒன்றில் கூச்சம், ஒன்றில் சிரிப்பு, ஒன்றில் பாவாடை நழுவாமல் பிடித்துக்கொண்டிருக்கிற கை. பள்ளிக்கூட நாடகத்தில் வேஷம் கட்டிக்கொண்டு வசனத்தை மறந்துபோன பெண் மாதிரி இருந்தாள். இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். ஒன்றும் இல்லைதான். அவர்களுக்கு அது போதும்.

கடைசிக்கு முந்தின கட்டத்தில் அவள் கை நின்றது. லுங்கி, பனியன், மீசை. லுங்கி மேல் நாலு வார் பெல்ட். ஒரு கால் முன்னால், இடுப்பில் கை, உதட்டைக் குவித்துக்கொண்டு மோகனரங்கம். எடுக்க வராது என்று அவர் சொன்ன அதே கை எடுத்த படம். கொஞ்சங்கூட அசையாமல், தெளிவாக விழுந்திருந்தது.

"இது ஒண்ண மட்டும் ஒரு பிரிண்டு போட்டுத் தரச் சொல்றீங்களா?" என்றாள்.

மறுபடி ஸ்டுடியோவுக்குப் போனேன். தணிகாசலம் அந்தக் கட்டத்தை வெளிச்சத்தில் பார்த்தார். உதட்டோரம் லேசாக அசைந்தது. அப்புறம் சொன்னார், இதைப் போட்டுக் கொடுத்தால் ரோல் நன்றாகத்தான் இருந்தது என்று என்ஜினியருக்குத் தெரிந்துவிடுமே என்று. ஒரே ஒரு தடவைதான் சொன்னார். இருபத்தொரு வயது எனக்கு. தெரியட்டுமே என்றேன். என்னவோ எனக்குத்தான் நஷ்டம் வரப்போகிற மாதிரி ரொம்பத் தைரியமாகச் சொன்னேன். அவர் கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். சாயங்காலம் அஞ்சலட்டை அளவில் ஒரு பிரிண்ட் தந்தார். நெகட்டிவையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று மாலை மோகனரங்கம் ஸ்டுடியோவுக்கு வந்து, வெளிச்சம் பட்ட கதையைக் கேட்டுவிட்டு, நாலு கடைக்கும் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டு, தப்புதாங்க, தப்புதாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பொட்டு அட்டைகளை அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் சிரித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

மற்றதெல்லாம் வத்சலா அந்தச் சனிக்கிழமை வந்து சொன்னது.

நெகட்டிவை அவள் வீட்டு நிலக்கரி அடுப்பில் போட்டுவிட்டாள். டவுன்ஷிப்பில் அப்போது பல வீட்டில் அந்தக் கரிக்கட்டி அடுப்புதான். ஃபிலிம் சுருண்டு எரிந்து ஒரு நாற்றம் நாறியதாம். பக்கத்து வீட்டம்மாள் வந்து என்ன கருகுகிறது என்று கேட்டதற்கு, பிளாஸ்டிக் பை என்றாளாம். லுங்கிப் படத்தின் நெகட்டிவையும் சேர்த்தே எரித்துவிட்டாள். கையில் இருந்தது அந்த ஒரே ஒரு பிரிண்ட்.

வியாழக்கிழமை அதை பிளாஸ்டிக் கவரில் போட்டு, அவருடைய டிபன் கேரியரின் மேல் தட்டில், சாதத்துக்கு மேலே வைத்து மூடி அனுப்பினாள். மூன்று நண்பர்களும் ஆபீசில் ஒரே மேசையில்தான் சாப்பிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவர் மூடியைத் திறந்ததும், உடனே மூடியதும், சாப்பிடாமல் எழுந்து போனதும் அவள் பார்த்ததில்லை. சாயங்காலம் கேரியர் அப்படியே திரும்பி வந்ததிலிருந்து தெரிந்துகொண்டாள். சாப்பாட்டில் கை வைத்திருக்கவில்லை. படம் மட்டும் இல்லை.

அவர் ஷூவைக் கழற்றவில்லை, உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாராம்.

"எத்தன பிரிண்டு போட்ட?"

"மூணு" என்றாளாம்.

மற்ற இரண்டும் எங்கே என்று கேட்டதற்கு, பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கேரியரைத் தேய்க்க எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இதைச் சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். இல்லாத இரண்டு படத்துக்கு அந்த மனுஷன் பயந்து வாழ்ந்ததை நான் பிறகு கடையிலிருந்தே பார்த்திருக்கிறேன். கேமராவைத் தோளில் மாட்டுவது நின்றது. அந்த இரண்டு பேரோடு கிளப்புக்குப் போவது குறைந்தது. ஒரு தடவை அவளோடு கடைக்கு வந்தவர், விலை கேட்கக் கூப்பிட்டபோது "வத்சலா" என்று கூப்பிட்டார். அவள் திரும்பிப் பார்க்கச் சற்று நேரமானது. அவர் வாயிலிருந்து கேட்டுப் பழக்கமில்லையே அந்தப் பெயர்.

சரி, நியாயம் நடந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நடந்தது வேறு. டிபன் கேரியரைத் திறந்த அந்த நிமிஷமே, தணிகாசலம் சொன்னது பொய் என்று மோகனரங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. அதை அவரால் வெளியே சொல்ல முடியாது. சொன்னால் எந்த ரோல், என்ன படம் என்று கேட்பார்கள். அதனால் சொல்லக்கூடியதை மட்டும் சொன்னார். அந்த ஆளுக்கு ரோல் கழுவத் தெரியாது, கொடுத்தால் கறுத்துப்போகும் என்று கிளப்பில் சொன்னார், ஆபீசில் சொன்னார், கல்யாணம் காதுகுத்து வைத்திருக்கிறவர்களைத் தேடிப் போய்ச் சொன்னார். அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தைத்தான் பஜாரே கேட்டிருந்ததே. ஆபீசர் வீட்டுக் கல்யாணங்கள் முதலில் போயின. அதைப் பார்த்து மற்ற பிளாக்குகளும் போயின. கல்யாண ஆல்பத்தை நம்பித்தான் அந்த ஸ்டுடியோ இருந்தது. பாஸ்போர்ட் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு வருடம் தள்ளினார். பிறகு போர்டைக் கழற்றிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

வத்சலாவுக்கு நான் இதைச் சொன்னபோது முகம் வெளுத்துப்போனது. தன் பெண் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு, கணவரோடு சண்டை போட்டு, தணிகாசலத்தையே கூப்பிட்டு எடுத்தாள். ஒரு வீட்டுப் பிறந்தநாளில் ஒரு ஸ்டுடியோ நிமிருமா? நான் அதுகூடச் செய்யவில்லை. அவருக்கு வேலை தெரியாது என்று என் முன்னால் எத்தனையோ பேர் சொன்னார்கள். நான் பொட்டு அட்டையைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் வத்சலா மாட்டிக்கொள்வாள் என்பது நல்ல காரணம். அதை வைத்துக்கொண்டு நான் சௌகரியமாக இருந்தேன். இவ்வளவு நேரம் நான் வாரித் தூற்றிய ஆட்களின் வரிசையில் என்னையும் எங்கேயாவது ஓர் ஓரமாக நிறுத்திக்கொள்ளுங்கள்.

பல வருடம் கழித்துக் கடலூர் போகும் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். குள்ளஞ்சாவடியில் ஏறினார். தலை நரைத்திருந்தது, கண் அதே மாதிரி பாதி மூடியிருந்தது. பக்கத்து இருக்கை காலி. உட்கார்ந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, ஃபேன்சி ஸ்டோர் பாப்பா இல்லையா என்றார். நெல்லிக்குப்பத்தில் மகள் வீட்டில் இருப்பதாகவும் மருமகனுக்குச் சர்க்கரை ஆலையில் வேலை என்றும் சொன்னார். நான் கொஞ்ச தூரம் வரைக்கும் தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு, "அண்ணே, அந்த ரோல் விஷயத்துல உங்களுக்கு" என்று ஆரம்பித்தேன்.

"எந்த ரோலும்மா?" என்றார்.

மறந்துபோய்க் கேட்கவில்லை. அந்தப் பாதி மூடின கண் என்னை நேராகப் பார்த்தது. அவ்வளவு வருடத்துக்குப் பிறகு, எல்லாம் தெரிந்த என்னிடம்கூட அந்தப் பெண்ணின் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச அவர் தயாராக இல்லை. நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். பேத்தி நன்றாகப் படிக்கிறாள் என்று சொன்னார். ஆமாங்கண்ணே என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

மோகனரங்கம் ரிட்டயர் ஆனதும் குடும்பத்தோடு தெற்கே போய்விட்டார். வத்சலாவிடமிருந்து இரண்டு பொங்கல் வாழ்த்து வந்தது, பிறகு இல்லை. ஃபேன்சி ஸ்டோர் இருந்த இடத்தில் செல்ஃபோனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். ரோல் கிடையாது, கழுவுவது கிடையாது, படம் எடுக்கிறவனுக்கும் பார்க்கிறவனுக்கும் நடுவில் கை வராமல் உட்கார்ந்திருக்க ஒரு ஆளும் கிடையாது. அழுத்தினால் போய்விடுகிறது.

கல்யாணம் முடிந்த மறுநாள் பஜாருக்கு நடந்து போனேன். தணிகாசலத்தின் ஸ்டுடியோ எந்த வாசல் என்று எனக்கே குழப்பமாக இருந்தது. டீக்கடையில் விசாரித்தேன். அவர் போய்ச் சேர்ந்து ஆறேழு வருடமாகிறது என்றார்கள். டவுன்ஷிப்பில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு அவர் எடுத்த படம் மாட்டியிருந்தது, பின்பக்கம் அவருடைய ரப்பர் முத்திரையோடு. அந்த வீட்டுக்காரர்கள் ரிட்டயர் ஆகி, படங்களைக் கழற்றிக்கொண்டு அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். திருநெல்வேலியிலோ மதுரையிலோ பாலக்காட்டிலோ ஏதாவது பரணில் இருக்கும். நெய்வேலியில் அவர் எடுத்த படம் ஒன்றுகூட மிச்சம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடம் இல்லை. நாலு கடை தள்ளி மூன்று வருடம் வேலை பார்த்தும், அவர் கேமராவுக்கு முன்னால் நான் ஒரு தடவைகூடப் போய் உட்கார்ந்ததில்லை.